இருபது வயது நிறைகிறதா? திரும்பிப் பார்க்க ஒரு வழி

பிறந்தநாள் இரவு பன்னிரண்டு மணிக்கு இதற்காக உட்காராதீர்கள். வாழ்த்துகள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் யார் இன்னும் வாழ்த்தவில்லை என்ற கணக்குதான் மனதில் ஓடும். நான்கைந்து நாள் முன்பே தொடங்குங்கள்.

இருபது வருடம் என்றால் 7,305 நாள். அத்தனையையும் கிளற வேண்டாம், கடைசி ஐந்து வருடம் போதும். ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து ஐந்து கட்டம் போட்டு, மேலே 15, 16, 17, 18, 19 என்று வயதை எழுதுங்கள். வெறும் ஞாபகத்தை வைத்து நிரப்பாதீர்கள். இன்றைய மனநிலை எதுவோ, பழைய நினைவும் அந்த நிறத்துக்கு மாறிவிடும்.

முதலில் போனில் உள்ள படங்கள். வயதுக்கு மூன்று என்று பதினைந்து படம் எடுத்து வையுங்கள். ஆனால் கேலரி பாதிதான் சொல்லும்; தேர்வுக்கு முந்தைய இரவையும் விடுதியில் தனியாகக் கழிந்த ஞாயிற்றுக்கிழமையையும் யாரும் படம் எடுப்பதில்லை. மீதி பாதி, நெருங்கிய நண்பருக்கு அனுப்பிய செய்திகளில் இருக்கிறது. வாட்ஸ்அப் தேடலில் 'முடியல', 'பயமா', 'தூக்கம் வரல' என்று போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் அப்படியே தேட வேண்டும். ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதியிருப்பீர்கள், மூன்றையும் போடுங்கள். கிடைத்ததைக் கட்டத்துக்கு ஐந்து வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள்.

அடுத்த நாள் 20 நிமிடம் டைமர் வைத்து மூன்று கேள்விக்குப் பதில்: முன்பு உறுதியாக நம்பி, இப்போது நம்பாதது எது? வீட்டில் எடுத்துவந்த எந்த முடிவை இப்போது நானே எடுக்கிறேன்? யாரிடம் பேச்சு நின்றது, சண்டையாலா, சும்மா விட்டுப்போனதா? மூன்றாவதில்தான் பெரும்பாலும் பேனா நகராது. அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

எழுதி முடித்ததும் மனம் சற்றுக் கனப்பது இயல்பு, ஓரிரு மணி நேரத்தில் வடியும். ஒரே விஷயம் நாள்கணக்கில் சுழன்று தூக்கத்தைக் கெடுத்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு, கல்லூரி மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

பலரும் சறுக்கும் இடம், பக்கம் பயோடேட்டா ஆகிவிடுவது. மதிப்பெண், பரிசு, இன்டர்ன்ஷிப் எல்லாம் வேறு எங்காவது பதிவாகியிருக்கும். ஒரு வரியை அப்படியே வேலை விண்ணப்பத்தில் போட முடியும் என்றால் அதை அடித்துவிடுங்கள். நண்பனுக்கு வேலை கிடைத்த செய்தி உங்கள் கட்டத்துக்குள் வந்திருந்தால் அதையும்தான்.

கடைசியாக, 25 வயது உங்களுக்கு ஒரு கடிதம். அதில் ஆரூடம் வேண்டாம். குவாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த பத்து வருடத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் நிறைய மாறினோம் என்றார்கள்; வரும் பத்து வருடத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களோ அவ்வளவாக மாறமாட்டோம் என்றார்கள். 18 வயதினரிடமும் இதே கதைதான். ஆகவே இன்றைய சில்லறை விவரங்களை எழுதுங்கள்: வகுப்பில் எந்த பெஞ்ச், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, இரவில் யாருக்கு முதல் போன். பெரிய நிகழ்ச்சிகள் எப்படியும் நினைவிருக்கும், இவைதான் முதலில் மறந்துபோகும்.

தண்ணீர் பட்டால் சில ஜெல் மைகள் கரையும், அதனால் பால்பாயின்ட் பேனா எடுங்கள். டிக்கெட், ரசீது ஒட்டுவதானால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள்கள் நாளடைவில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். கல்லூரி மின்னஞ்சலில் சேமிக்க வேண்டாம், படிப்பு முடிந்ததும் பல இடங்களில் கணக்கை மூடிவிடுவார்கள். உறையின் மேல் திறக்கும் தேதியை எழுதி, சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில் வையுங்கள். எத்தனை அறை மாறினாலும் தொலையாமல் கூடவே வரும் ஃபைல் அதுதான்.