ஐரோப்பாவில் ரயில் மாறிப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸ், அங்கே ரயில் மாறி பார்சிலோனா என்று வைத்துக்கொள்வோம். ஒரே தளத்தில், ஒரே கார்டில் பணம் கட்டியாச்சு, அப்போ எல்லாம் ஒரே டிக்கெட்தானே என்றுதான் தோன்றும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு ரயிலுக்கும் தனி ஒப்பந்தமாக விற்றிருந்தால், முதல் ரயில் லேட்டாகி நீங்கள் அடுத்ததைக் கோட்டை விட்டாலும் இரண்டாவது கம்பெனிக்கு அதில் சம்பந்தமில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

அதனால் பணம் கட்டும் பக்கத்தில் தேட வேண்டியது 'த்ரூ டிக்கெட்' (முழுப் பயணத்துக்கும் ஒரே ஒப்பந்தம்) என்ற சொல்லை, அல்லது 'தனித்தனிப் பயண ஒப்பந்தங்கள்' என்ற எச்சரிக்கையை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் வாக்குவாதம் வந்தால் அதுதான் பேசும். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை 2021/782 இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது: இடைத்தரகர் தளம் தானாகவே டிக்கெட்டுகளைக் கோத்துக் கொடுத்து, அவை தனித்தனி என்று வாங்குமுன் தெளிவாகச் சொல்லாமல் விட்டு, அதனால் கனெக்‌ஷன் தவறினால், முழுப் பணத்தோடு அதில் 75 சதவீதத்தையும் சேர்த்துத் தர வேண்டும். சொன்னோம் என்று நிரூபிப்பதும் விற்றவர் பொறுப்புதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பாரிஸுக்கு 40 நிமிடம் லேட். ரயில் வந்து நிற்பது கார் டு எஸ்ட் ஸ்டேஷனில், பார்சிலோனா ரயில் கிளம்புவது கார் டு லியோன் ஸ்டேஷனில், நடுவில் ஊருக்குள் வேறு போயாக வேண்டும். தனி டிக்கெட் என்றால் இந்த விதிமுறைப்படி முதல் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியாது, ஏனென்றால் அது 60 நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது; இரண்டாவது டிக்கெட்டும் போச்சு. அதே பயணம் த்ரூ டிக்கெட்டில் என்றால் பார்சிலோனாவை எப்போது அடைகிறீர்கள் என்பதுதான் கணக்கு: 60 முதல் 119 நிமிடம் வரை தாமதம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 அல்லது அதற்கு மேல் என்றால் 50. கடும் புயல், வெள்ளம் மாதிரி அசாதாரணக் காரணம் என்றால் இந்த இழப்பீடு இல்லை, ஆனால் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் அந்த விதிவிலக்கில் வராது, அதற்கு இழப்பீடு உண்டு.

த்ரூ டிக்கெட் கிடைக்கவில்லையா? நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள், என்னைக் கேட்டால் பாரிஸில் இரண்டு மணி நேரம்கூட அதிகமில்லை.

இன்னொன்று, ஒரே வழித்தடம் என்பதால் எந்த ரயிலிலும் ஏறிவிட முடியாது. இத்தாலியில் இத்தாலோ கம்பெனியின் டிக்கெட்டோடு ட்ரெனித்தாலியா என்ற இன்னொரு கம்பெனியின் அதிவேக ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர்தான். ஜெர்மனியில் மலிவு விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு தளரும்.

கனெக்‌ஷன் போய்விட்டால் உடனே புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். முதலில் ரயில் ஊழியரிடம் தாமதத்தை டிக்கெட்டிலேயே எழுதி வாங்குங்கள், அப்புறம் கவுன்ட்டரில் மாற்று வழி கேளுங்கள். த்ரூ டிக்கெட் இருந்தும் 100 நிமிடத்துக்குள் எந்த வழியும் சொல்லாவிட்டால் நீங்களே வேறு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம். ரசீது பத்திரம். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு.