ஆலைக் கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸ்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பில் போடும் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. ராத்திரி பேக்கப் முடிந்ததும் அண்ணாச்சிக்கு ஒரு மெயில் போக வேண்டும், அவ்வளவுதான். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் போதும், இதற்குப் போய் முழு மெயில் சர்வர் கட்டாதீர்கள். நான் கட்டிப் பட்டவன். பிராட்பேண்ட் லைனில், மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும் அடிக்கடி மாறும் ஐபியிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் போன்றவர்கள் நம்புவதில்லை. ஆகவே உங்கள் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) மெயில் தரும் சர்வரிடமே, லாகின் செய்து 587 போர்ட்டில் கொடுத்து, அதை அனுப்பவிடுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்யூட்டில்ஸ், லிப்சாசல்2-மாட்யூல்ஸ் மூன்றையும் ஆப்ட் வழியாக நிறுவுங்கள். கடைசியை விட்டால் லாகின் நடக்காது, லாக் என்ற பதிவுக் கோப்பில் வரும் பிழைச்செய்தியைப் பார்த்தாலும் காரணம் சட்டென்று புரியாது.

அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப். ரிலேஹோஸ்ட் (மெயிலை யாரிடம் கொடுப்பது) வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பிறகு முக்காற்புள்ளி, 587. அடைப்பு இல்லையென்றால் அது, அந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தேடிப் போய்விடும். சாசல் (லாகின் முறை) ஆத் எனேபிளுக்கு யெஸ், சாசல் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸுக்கு நோஅனானிமஸ், டிஎல்எஸ் (மறையாக்கம்) செக்யூரிட்டி லெவலுக்கு என்க்ரிப்ட் (மூன்றுமே எஸ்எம்டிபி என்று தொடங்குபவை, அது அனுப்பும் பக்கம்; வாங்கும் பக்கமான எஸ்எம்டிபிடி அல்ல, அந்த ஒரு எழுத்தில் எத்தனையோ பேர் வழுக்கியிருக்கிறார்கள்). வெளியிலிருந்து யாரும் இதில் மெயில் போடாதபடி இனெட் இன்டர்ஃபேஸஸில் லூப்பேக்-ஒன்லி.

நான் மாட்டியது, எந்த டொமைன்களின் மெயில் இந்தக் கம்ப்யூட்டருக்கே உரியது என்று சொல்லும் மைடெஸ்டினேஷன் வரியில். அங்கே ஆலையின் டொமைனையும் எழுதிவைத்திருந்தேன். "என்னடே, மெயிலு ஒண்ணும் வரலயே" என்று காலையில் போன். லாகில் பார்த்தால் பவுன்ஸ்டு (திருப்பி அனுப்பப்பட்டது), அன்னோன் யூசர் (அப்படி ஒருவர் இல்லை). அந்த டொமைன் இந்தக் கம்ப்யூட்டருடையது என்று நானே சொல்லிவிட்டதால் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே அண்ணாச்சியைத் தேடியிருக்கிறது. அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் இருக்கட்டும்.

கடவுச்சொல்லுக்கு சாசல்_பாஸ்வேர்டு என்று தனிக் கோப்பு ஒன்று, அதில் ஒரே வரி: ரிலேஹோஸ்டில் எழுதியதை அடைப்பும் போர்ட்டும் மாறாமல் அப்படியே எழுதி, இடம் விட்டு, யூசர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல். மற்றவர்கள் படிக்க முடியாதபடி சிஎச்மோட் 600 கொடுங்கள். கோப்பைத் தொடும் ஒவ்வொரு தடவையும் போஸ்ட்மேப் (அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் கட்டளை) ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய கடவுச்சொல்லோடுதான் போய் நிற்கும். இந்தக் கோப்பின் பாதையை மெயின்.சிஎஃப்பில் சாசல் பாஸ்வேர்டு மேப்ஸ் வரியில் ஹேஷ் என்ற முன்னொட்டோடு சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரி, ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். லாகில் ஸ்டேட்டஸ் சென்ட் என்று வர வேண்டும். டெபியன் 12-இல் மெயில்.லாக் கோப்பு இல்லாமல் இருக்கலாம், அப்போது ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பாருங்கள்.

லைன் போனால் பயப்படாதீர்கள், கடிதங்கள் 5 நாள் வரை வரிசையில் காத்திருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் வந்த பிறகும் லைன் வரவில்லை. வந்ததும், வரிசையில் இருப்பதை உடனே அனுப்பச் சொல்லும் போஸ்ட்கியூ -எஃப் என்று ஒரு தட்டு தட்டினேன், மூன்று ராத்திரி மெயிலும் அண்ணாச்சி போனில் ஒன்றாக வந்து விழுந்தன.