ஒத்திகை இல்லாத மேடைக்குத் தயாராவது எப்படி? ஸ்பெஷல் நாடகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோயில் திருவிழா இரவுகளில் நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் பயிற்சி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊரிலிருந்து. பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், பல தாளக் கருவி வாசிக்கும் ஆல்ரவுண்ட் எல்லோரும் தனித்தனியாக பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். இப்படி ஒவ்வொருவரையும் தனியாக, ஸ்பெஷலாக அழைப்பதால்தான் இந்தப் பெயர். பல நாள் கொட்டகைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கும்போதுதான், "வணக்கம்ணே, இன்னைக்கு நாரதர் நான்தான்" என்று அறிமுகமே நடக்கும். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும்வரை அவர்களோடு பாடி, பேசி, நடிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே நாடகம் தெரியும் என்பதால்தான் இது முடிகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் போன்ற நாடகங்கள்தான் இன்றும் நம் பொதுச் சொத்து. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அதிகம் கேட்கப்படுவது வள்ளி திருமணம். நான் நாரதர் வேடம் கட்டுபவன். அதனால் அந்த நாடகத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் பார்ட்டை அல்ல, நாடகத்தைப் பாடம் பண்ணுங்கள்

புதியவர்கள் தங்கள் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எதிரில் நிற்பவர் ஒரு வரியை மாற்றிச் சொன்னதும் நின்றுவிடுகிறார்கள். நாரதராக வர வேண்டுமென்றால் வள்ளியின் பாட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேடனாக வரும் முருகனின் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் சீசன். அதில் குறைந்தது பத்து இரவு தரையில் உட்கார்ந்து முழு நாடகம் பாருங்கள். ஒரே ஜோடியைப் பார்க்காதீர்கள், வேறு வேறு ஆட்களைப் பாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வசனம் எந்தச் சொல்லில் முடிகிறது என்று எழுதுங்கள். ஆர்மோனியக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அடுத்த பாட்டை எடுக்கிறார். பத்து இரவு முடிந்ததும் நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரியும்: ஆளுக்கு ஆள் வசனம் மாறுகிறது, முடிகிற சொல் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தச் சொற்களைத்தான் முதலில் பாடம் பண்ண வேண்டும்.

இரண்டாம் படி: சுருதி

இதற்கு ஆறு மாதமாவது கொடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியின் அளவை, கண்டுபிடியுங்கள். போனில் தம்புரா ஆப் போட்டுக்கொண்டு, ஒரு சுருதியில் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ('ப' சுரம்) மேல்ஸ்தாயிப் பஞ்சமம் வரை சிரமமில்லாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் கட்டை. கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் நிற்பார்கள். பெண்களுக்கு நாலரை, ஐந்து, ஐந்தரை. கச்சேரியில் அவரவர் சுருதியில் பாடினால் போதும். நாடகத்தில் வள்ளியும் வேடனும் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். வரிக்கு வரி சுருதியை மாற்ற முடியாது. யாராவது ஒருவர் ஏறியோ இறங்கியோதான் வர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பாட்டையும் மூன்று சுருதியில் பழகுங்கள்: உங்கள் கட்டையில் ஒன்று, அரைக் கட்டை மேலே ஒன்று, அரைக் கட்டை கீழே ஒன்று. அது கைக்கு வந்த பிறகு ஒரு கட்டை ஏற்றிப் பாருங்கள்.

மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை அதில் விட்டு, குமிழி வரும்படி 'ஊ' என்று ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை இழுத்துப் பழகுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். ஸ்ட்ரா கொடுக்கும் எதிர் அழுத்தத்தால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரும், மேல் சுரத்தை முட்டாமல் பிடிக்கத் தொண்டை பழகிவிடும். மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே.பி. சுந்தராம்பாளும் (1908–1980) கடைசி ஆள் வரை கேட்கப் பாடினார்கள். அவர்களுடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகளை இன்றும் கேட்கலாம். உச்சத்தில்கூடச் சொல் உடையாமல் நிற்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

எனக்கு மூன்றாவது நாடகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் நன்றாகக் கேட்கிறது என்ற உற்சாகத்தில், ஆர்மோனிய அண்ணனிடம் அரைக் கட்டை ஏற்றி வைக்கச் சொன்னேன். அந்தச் சுருதியில் நான் ஒரு நாள்கூடப் பழகியிருக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மேல், வள்ளியோடு நடக்கும் கேள்வி-பதில் வாதமான தர்க்கத்துக்கு நடுவில் மேல் பஞ்சமத்தில் குரல் கிழிந்துவிட்டது. வள்ளியாக நின்ற அக்கா ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என் வரியைக் கேள்வியாக மாற்றித் தானே பாடி முடித்தார். ஜனங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கு என் பாட்டும் தெரிந்திருந்ததால்தான் அன்று நாடகம் நின்றுபோகவில்லை. பழகாத சுருதியை நான் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

மூன்றாம் படி: விருத்தம்

தாளம் இல்லாமல் ராகத்தில் விரித்துப் பாடுவது விருத்தம். மேடையில் நுழைந்ததும் உங்கள் தரத்தை ஊர் எடை போடுவது இதில்தான். இதற்கு முன் எத்தனை ராகம் தெரியும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். மோகனம், கல்யாணி, காம்போதி, முகாரி, செஞ்சுருட்டி இந்த ஐந்தும் அழுத்தமாகத் தெரிந்தால் ஓர் இரவை ஓட்டலாம்.

செய்யுளை முதலில் பாட வேண்டாம். சீர் பிரித்து உரைநடை போலச் சத்தமாக வாசியுங்கள். பொருளை உங்கள் சொந்தப் பேச்சில் வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். அப்புறம் எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கோடு சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் விழ வேண்டும். 'மலையிலே' என்பதை 'மலை' என்று நிறுத்தி மூச்சு வாங்கி 'யிலே' என்று தொடர்ந்தால், ராகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்பவர் மனம் அங்கே அறுந்துவிடும். ழகர, ளகர, லகர வேறுபாடும் அப்படித்தான். குழாய் ஒலிபெருக்கியில் அடி ஒலி குறைந்து கேட்கும், மெய்யெழுத்துத் தெளிவுதான் தூரம் போகும்.

ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வராது. அந்தக் காரணமும் சேர்ந்துதான் 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்தது, 1971-ல்தான் கதவு திறந்தது. நாடக மேடை ஒரு நாளும் அதைக் கைவிடவில்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, சுரத்தை அவர் பிடித்துக் கொடுப்பார், அசைவை நம் குரல்தான் கொடுக்க வேண்டும் என்பது.

நான்காம் படி: பக்கவாத்தியத்தோடு பேசப் பழகுங்கள்

நோட்டீஸில் 'ஆர்மோனியப் பின்பாட்டு' என்று போடுவார்கள். அவர் வாசிப்பதோடு உங்களுக்குப் பின்னால் பாடவும் செய்வார். மேக்கப்புக்கு முன்பே போய் வணக்கம் சொல்லி மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: உங்கள் கட்டை, முதல் பாட்டு, அதன் தாளம். பாட்டை முடிக்கப் போகிறீர்கள் என்றால் கடைசி வரியைத் திரும்ப எடுத்து, மிருதங்கக்காரரைப் பாருங்கள். அவர் தீர்மானம் (பாட்டை முடிக்கும் தாளச் சொற்கட்டு) வைக்க இடம் கொடுங்கள். வீட்டில் பழகும்போதே கையில் தாளம் போடாமல் ஒரு பாட்டும் பாடாதீர்கள். ஆதி, ரூபகம், சாபு மூன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

ஐந்தாம் படி: தர்க்கம்

எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்தது இது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி விரட்டிக்கொண்டிருக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து கேள்வி போடுகிறார். வள்ளி பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்கிறார். இல்லறமா துறவறமா, ஆண் உயர்வா பெண் உயர்வா, புராணத்தில் இது ஏன் அப்படி என்று நீளும். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு நடப்பதில்லை. ஊர் கண் இமைக்காமல் கேட்பதும் இந்த இடத்தில்தான்.

ஒரு நோட்டில் ஐம்பது கேள்வி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்துக்கும் பதில் எழுதுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று முன்னால் தெரியாது. திருக்குறள், ஔவையார் பாட்டு, கந்தபுராணக் கதைகள் இந்த மூன்றும் அடிப்படை. கிராமத்தில் குறளை ஒரு சீர் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு நாலு பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

அப்புறம் ஒரு நண்பரை உட்கார வைத்து அந்தாதிப் பயிற்சி செய்யுங்கள். அவர் எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்தச் சொல்லில் நீங்கள் தொடங்க வேண்டும். மூன்று நிமிடம் நிற்காமல் போக வேண்டும். முதல் வாரம் திணறும். ஒரு மாதத்தில், அவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியை யோசிப்பதை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். ஒத்திகை இல்லாத மேடையில் நம்மைக் காப்பாற்றுவது இந்தக் காதுதான்.

எதிராளிக்குப் பதில் தெரியாத கேள்வியை வேண்டுமென்றே போடாதீர்கள். அவர் தடுமாறினால் நாடகமே தடுமாறும். கேள்வியின் முடிவில் அவர் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லாவது விட்டுவையுங்கள். பெண் கலைஞரைச் சிறுமைப்படுத்திக் கைதட்டல் வாங்குவதும் வேண்டாம். அந்தக் கைதட்டலை நான் தொழில் திறமையாக ஏற்க மாட்டேன்.

கதைக்குள் இன்றைய விஷயத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும். எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் (1886–1940) வள்ளி திருமண மேடையில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். அந்தக் கொக்கு யார் என்று ஜனங்களுக்கும் புரிந்தது, வெள்ளைக்காரப் போலீஸுக்கும் புரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். கடைசியில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். அவர் பாட்டு பறவை விரட்டும் காட்சிக்குப் பொருந்தி நின்றது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் புதிதாகச் சேர்ப்பதும் காட்சிக்குள்ளிருந்தே முளைக்க வேண்டும்.

ஆறாம் படி: உடம்பு

நாடகத்தன்று மதியம் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். தண்ணீரைக் காலையிலிருந்தே குடியுங்கள். மேடை ஏறும்போது குடிக்கும் தண்ணீர் நேராகக் குரல் நாணுக்குப் போவதில்லை, உடம்பு வழியாகத்தான் போய்ச் சேரும், அதற்கு நேரமாகும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், வயிறு முட்டாமல். குரல் கம்மினால் குசுகுசுவென்று பேசுவதும் சுமைதான், பேசாமல் இருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வேஷம் கட்டுவதை மேக்கப்காரர் பக்கத்தில் நாலு இரவு உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம்.

ஏழாம் படி: முதல் வாய்ப்பு

உங்கள் பகுதி நாடக நடிகர் சங்கத்துக்குப் போய் மூத்தவர் ஒருவரை வாத்தியாராக ஏற்றுக்கொள்ளுங்கள். தோழி, வள்ளியின் அப்பா நம்பிராஜன் போன்ற சிறு வேடம் கிடைத்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள், முழு இரவும் மேடை ஓரத்தில் நின்று கேட்கலாம். டைரியில் தேதி எழுதிக் கொடுத்த பிறகு, அதிகப் பணம் வருகிறதென்று வேறு ஊருக்கு மாறாதீர்கள்.

முதல் நாடகம் முடிந்து மங்களம் பாடியதும் உடனே கிளம்ப வேண்டாம். ஆர்மோனியக்காரர் பெட்டியைக் கட்டும்வரை பக்கத்தில் இருங்கள். டீ வாங்கிக் கொடுத்து, "எந்த எடத்துல சுருதி எறங்குச்சுண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். மறுநாள் சாதகத்தை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.