மதுரையில் மலிவு விலைச் செயின் ஹோட்டல் திறப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்கு இடம் பார்க்க வரும் செயின் ஹோட்டல்காரர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். சென்னையில் ஓடுகிறது, கோவையில் ஓடுகிறது, விலையும் குறைவு, இங்கே மட்டும் ஓடாமலா போகும்? இந்தக் கணக்கு முதலில் இடறுவதே விலையில்தான்.

மலிவுச் சாப்பாடு மதுரைக்குப் புதிதில்லை. 2013இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த படியில் தள்ளுவண்டி, வீட்டு வாசலிலேயே அடுப்பைப் போட்ட இட்லிக்கடை, அப்புறம் மெஸ். பல மெஸ்களில் கட்டடம் சொந்தம், கல்லாவில் அப்பா, அடுப்படியில் அம்மா, பரிமாற மகன். உங்களுக்கோ வாடகை, ஏசி, யூனிஃபார்ம், தலைமை அலுவலகத்துக்கு விற்பனையில் பங்கு என்று எல்லாம் உண்டு. அவர்களைவிட 5 ரூபாய் குறைத்து எத்தனை நாள் தாங்குவீர்கள்?

இதோடு ஜிஎஸ்டி. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருக்கும் சின்ன ஹோட்டல், விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்கு எல்லாக் கிளை விற்பனையும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த வழி கிடையாது. போர்டில் 60 என்று பார்த்துச் சாப்பிட்டவர் கையில் 63 ரூபாய் பில் வரும். 3 ரூபாய் பெரிய காசு இல்லைதான். ஆனால் ‘அறுபதுன்னுதானப்பா போட்டிருந்துச்சு’ என்று கேட்டுக்கொண்டே கொடுக்கிறவர் முகத்தைப் பாருங்கள். வரியையும் சேர்த்தே விலையை எழுதிப் போடுங்கள், விஷயம் முடிந்தது.

என் கணக்கில் இதைவிடப் பெரிய தவறு சால்னா. சிரிக்காதீர்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது முழுகும் அளவுக்குச் சால்னா ஊற்றி, ஊறியதும் ‘அண்ணே, இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டுச் சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம். வாளியோடு பக்கத்திலேயே ஒருவர் நிற்பார். இட்லிக்கும் அப்படித்தான். சட்னி தீர்வதற்குள் அடுத்த கரண்டி விழுந்திருக்க வேண்டும். செயின் கடையில் சால்னா அளவாகச் சின்னக் கப்பில் வருகிறது. இரண்டாவது கப்புக்குக் காசு என்று சுவரில் ஒட்டியும் விடுகிறார்கள். யாரும் சண்டை போட மாட்டார்கள். சாப்பிடுவார்கள், கை கழுவுவார்கள், மறுபடி வர மாட்டார்கள். சால்னா செலவைப் பரோட்டா விலையிலேயே ஏற்றிவிட்டு, வாளியைப் பரிமாறுபவர் கையில் கொடுத்துவிடலாம். தலைமை அலுவலகத்தின் போர்ஷன் கணக்கு இதற்கு ஒத்துக்கொள்ளாது. சண்டை போட்டாவது ஒத்துக்கொள்ள வையுங்கள். மதுரைக் கிளைக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் விதிவிலக்கு இதுதான்.

எல்லாக் கிளைக்கும் ஒரே இடத்தில் தயாரித்து அனுப்பும் சென்ட்ரல் கிச்சனிலும் கவனம் வேண்டும். வேறு ஊரில் அரைத்த மாவு கோடையில் மணிக்கணக்காக வண்டியில் வந்தால், இறங்கும்போதே புளித்துப் பொங்கி நிற்கும். மசாலாப் பொடி வெளியிலிருந்து வரட்டும், பரவாயில்லை. மாவையும் தேங்காய்ச் சட்னியையும் இங்கேயே அரையுங்கள்.

அடுத்து, ஊரின் பெயர்பெற்ற பண்டத்தில் கை வைப்பது. கறிதோசை என்றால் சிம்மக்கல் கோனார் மெஸ் ஞாபகத்துக்கு வரும் ஊர் இது. தடித்த தோசை, மேலே முட்டை, அதன்மேல் மட்டன் கறி. அதையே கோழிக்கறி போட்டுக் குறைந்த விலைக்கு விற்றால் ‘அது மாதிரி இல்லையே’ என்ற ஒப்பீட்டை நீங்களே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள். ஜிகர்தண்டாவும் அப்படித்தான். மதுரைக்காரர்களுக்குச் செயின் மேல் பகை ஒன்றும் கிடையாது. முருகன் இட்லிக் கடை இங்கிருந்து கிளம்பித்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனது. உள்ளூரில் ஏற்கெனவே நன்றாகக் கிடைப்பதைச் சுமாராகக் கொடுப்பவரைத்தான் பிடிக்காது. பழைய கடைகளில் கிடைக்காதது என்ன என்று பாருங்கள்: வண்டி நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, எட்டுப் பேர் ஒன்றாக உட்கார மேஜை, இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக வந்து நிம்மதியாகச் சாப்பிடும் சூழல். இதற்கு மதுரையில் ஆள் இருக்கிறது, பத்து ரூபாய் கூடவே கொடுப்பார்கள்.

இடம் பிடிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மதுரைக்கு இரண்டு கூட்டம். மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிறவர்களும், மீனாட்சி அம்மனைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போகும் வடநாட்டுக் குடும்பங்களும் ஒன்று. அவர்களுக்கு உங்கள் போர்டு தெரிந்த முகம். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் குடியிருப்பவர்கள் இன்னொன்று. கோயிலைச் சுற்றிக் கடை போட்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ‘ஊரே நம்ம பக்கம்’ என்று அடுத்த கிளையைக் குடியிருப்புப் பகுதியில் திறந்தால், அங்கே வேறு ஆட்டம். இது தூங்கா நகரம் என்பதையும் மறக்க வேண்டாம். மற்ற ஊர்களில் போல பத்தரைக்கு அடுப்பை அணைத்தால் நல்ல வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

மாஸ்டர் விஷயம் சுருக்கமாக. பரோட்டா மாஸ்டர் உங்கள் பயிற்சிக் கையேட்டைப் படிக்கப் போவதில்லை. அட்வான்ஸ் கேட்பார், ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்பார். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் வராத அன்று கல் காயும். குறைந்தது இரண்டு பேராவது கையில் இருக்கட்டும்.

திறப்பு விழாச் சலுகை தனிக் கூத்து. 2021இல், கொரோனா காலத்தில், மதுரை செல்லூரில் ஒரு கடையில் 5 பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்று அறிவித்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. அப்படிக் கூடுகிறவர்கள் சலுகைக்கு வந்தவர்கள், மறுநாள் அவரவர் வழக்கமான கடையில்தான் இருப்பார்கள். அதே பணத்தில் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டுக்கும் எதிர்க்கடைப் பையன்களுக்கும் ஒரு வாரம் சாப்பாடு போடுங்கள். ‘அங்க எப்படிண்ணே இருக்கு?’ என்று ஊர் அவர்களிடம்தான் கேட்கும்.

கடைசியாக, திறக்கும் தேதி. பிரியாணிக் கடை என்றால் புரட்டாசியில் திறக்காதீர்கள். அந்த மாதம் அசைவம் விடுபவர்கள் நிறைய. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மகரஜோதி வரை வர மாட்டார்கள், பல வீடுகளில் குடும்பமே சைவத்துக்கு மாறிவிடும். வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத விற்பனையைப் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தை பிறந்ததும் திறந்தால் அடுத்த புரட்டாசிக்குள் எட்டு மாதம் கிடைக்கும். புதுக்கடை என்று எட்டிப் பார்க்கிற கூட்டம் வடிந்த பிறகு யார் திரும்பி வருகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். இரண்டு சரிவையும் தாங்கும் அளவுக்கு வாடகையும் சம்பளமும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு கடைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.