செண்டுடோக்: கருவண்டு தேடிவரும் காட்டுச்செடி

“தம்பி, இது களைதானே? பிடுங்கிவிடட்டுமா?” சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். நல்லவேளை, கை வைக்குமுன் கேட்டார். அது செண்டுடோக், இந்த மண்ணுக்கே உரிய செடி. ‘சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்’ என்றும் சொல்வார்கள். ஆனால் ரோடோடென்ட்ரானுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஒருமுறை வேர்பிடித்தால் ஆண்டுக்கணக்கில் பூக்கும்.

முதலில் நர்சரியில் கேளுங்கள். இல்லையென்றால் வளர்ப்பவரிடம் ஒரு குச்சி வாங்குங்கள். இயற்கை வனப்பகுதியில் ஒடித்துவருவது குற்றம். பாதி முற்றிய கிளையை அரை அடிக்கு நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். வேர்விடும்வரை மணல் காயக் கூடாது. விதை வேண்டுமானால் வெடித்த பழத்தின் கருஊதாச் சதையில் இருக்கும். பொடிப்பொடியான விதை, மண்ணின்மேல் தூவினால் போதும், மூட வேண்டாம். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். மெலஸ்டோமா என்ற அறிவியல் பெயருக்கே கிரேக்கத்தில் ‘கறுத்த வாய்’ என்றுதான் பொருள்.

வேர்விட்ட செடியை நல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். நிழலில் இலைதான் மிஞ்சும். அமிலத்தன்மையுள்ள மண்ணே இதற்குப் பிடிக்கும், அதனால் சுண்ணாம்பு போடாதீர்கள். அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் நடைவழி விடுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பூத்ததும் ஒரு நாள் காலையில் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஐந்து இதழ்கள். ஒரே நாள் ஆயுள். தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள ஊசித்துளை வழியாகத்தான் வெளிவர வேண்டும். கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் பெரிய கறுப்புத் தேனீ, வந்து மகரந்தப்பைகளைத் தாங்கும் கேசரங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இறக்கையை அடிக்காமல், நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். மகரந்தம் துளைவழியே பீறிட்டு அதன் வயிற்றில் அப்பும். நீலப்பட்டைத் தேனீக்கும் இந்த வித்தை தெரியும். தேன்கூடு கட்டும் தேனீக்குத் தெரியாது.

இதைப் பார்த்த பிறகு பூச்சிமருந்து அடிக்க எனக்கு மனம் வந்ததில்லை. நீங்களும் அடிக்காதீர்கள். இலையில் ஓட்டை விழுந்தாலும் செடி தாங்கும். மிக உயரமானால் நுனிகளை நறுக்குங்கள், பக்கக்கிளைகள் வெடிக்கும். காய் பிடித்த கிளைகளை மட்டும் விட்டுவையுங்கள்; பழம் வெடிக்கும் நாளில் சின்னான் குருவிகள் வரும்.