அம்பாசடருக்கு எந்த ஆயில் ஒத்துக்கொள்ளும்? பழைய காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர் ஒன்று இருக்கிறது. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு அதை ஒரு பெரிய சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டேன். அங்கே இருந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான், "சார், பழைய வண்டி, இருக்கிறதிலேயே நல்ல ஆயிலாப் போட்டுடலாம்" என்று முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஊற்றினார்கள். விலை கூடினால் தரமும் கூடும் என்று நானும் சரி சொன்னேன். ஒரே வாரத்தில் போர்டிகோ தரையில், கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே, தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு வட்டம். சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது.

அந்த ஆயிலில் ஒரு குற்றமும் கிடையாது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றுக்கு அதுதான் சரி. ஆனால் மார்க் 4 அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக வந்த 1489 சிசி 'பி சீரிஸ்', பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எஞ்சின். அதன் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற ரப்பர் ஆயில் சீல் இல்லை. ஷாஃப்ட்டிலேயே திருகு மாதிரி ஒரு மரை வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுழலும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் ஆயிலைத் திருப்பி, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குள் தள்ளும். எஞ்சின் நின்றுவிட்டால் தள்ளவும் ஆளில்லை. இந்த அமைப்பு கெட்டியான ஆயிலை நம்பிப் போட்ட அமைப்பு. தண்ணீர் மாதிரி ஓடும் ஆயிலை ஊற்றினால் அது வழியைக் கண்டுபிடித்துவிடும். ஆயில் விளக்கு எரிந்ததற்கும் அதே காரணம்தான். தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளி வழியாக மெல்லிய ஆயில் சுலபமாக நழுவிப் போகிறது, பிரஷர் நிற்பதில்லை.

அதனால் முதல் வேலை, உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்வது. அம்பாசடர் 2014 வரை வந்தது. பின்னாளில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் போட்டு வந்ததும் அம்பாசடர்தான். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே ஆள் வேறு. பத்மினியில் இருப்பது ஃபியட் 1100-இன் 1089 சிசி எஞ்சின். "பழைய வண்டிக்கு இந்த ஆயில்" என்று பொதுவாக யாராவது சொன்னால், எந்த எஞ்சினுக்கு என்று கேளுங்கள்.

டப்பா மேல் இருக்கும் எண்

20டபிள்யூ-50 என்பதில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கு, பின்னால் இருப்பது சூட்டுக்கு. பின் எண்ணை 100 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். 30-ஐ விட 50 அந்தச் சூட்டில் நன்றாகவே கெட்டியாக இருக்கும். முன் எண் எவ்வளவு குறைவோ, அவ்வளவு கடுங்குளிரிலும் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். 20டபிள்யூ என்று போட்ட ஆயிலை, மைனஸ் 15 டிகிரியில் எஞ்சின் சுற்ற இடம் கொடுக்கிறதா என்று சோதித்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். மைனஸ் 15! நம்மூர் மார்கழி அதிகாலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊட்டியில் புல் மேல் உறைபனி விழும் நாளில்கூட 20டபிள்யூ தாராளமாகப் போதும். ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்று தேடிப்போய்க் காசு கொடுப்பதில் நம் பழைய வண்டிக்கு லாபம் எதுவும் இல்லை.

பி சீரிஸ் எஞ்சினுக்கு நான் ஊற்றுவது மினரல் 20டபிள்யூ-50. எஞ்சின் புதிதாக ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து), பேரிங் எல்லாம் மாற்றி இறுக்கமாக இருந்தால் 20டபிள்யூ-40 கூடப் போகும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது என்றதும் இன்னும் கெட்டியாக, ஒரே கிரேடு எஸ்.ஏ.இ. 50 ஊற்றுவது, இல்லையென்றால் தேன் மாதிரி இருக்கும் திக்னர் டப்பா ஒன்றைச் சேர்ப்பது. புகை கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கெட்டி ஆயில் மேலே, வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட் வரை ஏறிச்சேர நேரம் எடுக்கும். அதுவரை உலோகம் உலோகத்தோடு உரசும். ரிங் தேய்ந்திருந்தால் ரிங்கைத்தான் பார்க்க வேண்டும், வால்வு கைடு தேய்ந்திருந்தால் கைடை.

துத்தநாகம் பற்றிய பயம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் 'ஜிங்க்' பேச்சு வந்துவிடும். விஷயம் இதுதான். இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டின் முட்டை வடிவ மேடு, அடிப்பக்கம் தட்டையான டேப்பட் என்ற துண்டின் மேல் வழுக்கிக்கொண்டு தேய்க்கிறது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடத்தில் உருளை இருக்கும், அது உருண்டு போய்விடும். வழுக்கும் இடத்தில் அழுத்தம் மிகவும் அதிகம், ஆயில் படலம் மட்டும் தாங்காது. அதற்காகத்தான் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்.டி.டி.பி. என்ற சேர்மானத்தை ஆயிலில் கலக்கிறார்கள். அது சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல் ஒரு பாதுகாப்புத் தோலாகப் படிகிறது.

ஆனால் பாஸ்பரஸ், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். எனவே டப்பாவில் போட்டிருக்கும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரக் குறியீடுகளில் எஸ்.எம்., எஸ்.என். தரங்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். இங்கேதான் பலர் பாதியைக் கேட்டுவிட்டுப் பயந்துபோகிறார்கள். அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-50-க்கு அது பொருந்தாது. "எஸ்.என். என்று எழுதியிருக்கிறது, என் கேம் போச்சு" என்று பதற வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் விவரத் தாளில் பாஸ்பரஸ் அளவு கொடுத்திருந்தால் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கிறதா என்று பாருங்கள், போதும். தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கி ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அளவு மிஞ்சினால் அதுவே அரிக்கும்.

ஜிங்க் உயிர்நாடியாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. புது கேம் ஷாஃப்ட், புது டேப்பட் போட்டு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் நேரம். எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடக் கூடாது. உடனே 2000 ஆர்.பி.எம். அளவுக்குக் கொண்டுபோய் சுமார் 20 நிமிடம் அங்கேயே, கொஞ்சம் ஏற்றி இறக்கி, வைத்திருக்க வேண்டும். கேம் மேல் ஆயில் தெறித்து விழ அந்த வேகம் தேவை. மெக்கானிக் டீ குடித்துவிட்டு வரும்வரை ஐடிலில் ஓடவிட்டால் ஒரு புது கேம் வீணாகப் போகலாம்.

வாரம் ஐந்து நிமிடம்

நான் அதிகம் பார்ப்பதும், அதிகம் வருத்தப்படுவதும் இந்தத் தவறைப் பார்த்துத்தான். வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரை எடுத்து, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துவிடுவார்கள். வண்டியைப் பார்த்துக்கொண்டோம் என்ற திருப்தி.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்ப்புக்குள் போகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் பிரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஆனால் ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் ஆகும். ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. சோக் போட்டதால் எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ராக்கர் கவரில் இருக்கும் ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்கள். டிகிரி காபி நுரை மாதிரி வெளிர் பழுப்பில் வழவழவென்று ஏதாவது ஒட்டியிருந்தால், அது ஆயிலும் தண்ணீரும் கலந்தது. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் அளவு அப்படியே இருந்தால் பெரும்பாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைதான் காரணம்.

ஓட்டுவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். பைபாஸில் ஒரு சுற்று போய் வந்தால் ஆயிலும் காயும், பிரேக்கும் இயங்கும், பேட்டரியும் ஏறும். முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிடுவதே மேல்.

இதே கணக்கில் வருவதுதான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்பார்கள். அது எஞ்சினைச் சூடாக்கும் பொருள் இல்லை, சரியான சூட்டில் நிறுத்தும் பொருள். அது இல்லாத எஞ்சின் மழைக்காலத்தில் கடைசிவரை குளிர்ந்தே ஓடும், ஆயிலில் கசடு சேரும். வண்டி சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். பல வருடம் உப்புத் தண்ணீர் குடித்த ரேடியேட்டராக இருந்தால் குற்றவாளி அனேகமாக அதுதான்.

அப்புறம், "போன தடவை மாத்தி ஆயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு" என்ற பேச்சு. பழைய காருக்குக் கணக்கு தேதிதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஈரத்தோடு சேர்ந்து உருவான அமிலம் அந்த ஆயிலிலேயே மிதந்துகொண்டு பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். நிறம் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது ஆயிலின் வேலை, கறுப்பது அதற்கு அடையாளம்.

பத்து இருபது வருடம் நின்ற வண்டியை வாங்கினால் ஃபிளஷிங் ஆயில் ஊற்றி ஓடவிடாதீர்கள். அடியில் உறைந்திருக்கும் கசடு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடலாம். சம்ப்பை இறக்கிக் கையால் சுத்தம் செய்வதுதான் வழி. அரை நாள் வேலை, ஒரு சம்ப் பேக்கிங் செலவு.

எஞ்சினோடு முடியவில்லை

ஆயில் என்றாலே எஞ்சின் ஆயில் மட்டும் என்று நினைப்பதும் ஒரு தவறு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த கார் அது. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடிமுனை, டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரையோடு இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் அது திரும்புகிறது. அங்கே போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோரும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக ஏறாது, நாளடைவில் காய்ந்து இறுகும், இடையில் தண்ணீர் புகுந்து துரு அரிக்கும். ஒரு நாள் திருப்பத்தில் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் "கியர் ஆயில்தானே" என்று ஒரே டப்பாவை ஊற்றுவதும் வேண்டாம். ஹைப்பாய்டு (ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுழலும்) பல்சக்கரம் உள்ள பின் ஆக்ஸிலுக்கு ஜி.எல்.-5 தரக் கியர் ஆயில் ஏற்றது. அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் பாக்ஸில் உள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களைப் பாதிக்கக்கூடும். கியர் பாக்ஸுக்கு மானுவல் என்ன சொல்கிறதோ அதை மட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த டப்பாவில் தப்பித் தவறி ஒரு மூடி எஞ்சின் ஆயில் விழுந்துவிட்டால்கூட வீல் சிலிண்டர் வாஷர்கள் உப்பிப் போகும்.

2023 முதல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வர ஆரம்பித்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. பானட்டைத் திறக்கும்போதெல்லாம் பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கவிடாதீர்கள்.

ஆயில் மாற்றும் நாளில்

எஞ்சின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். பி சீரிஸில் கிண்ணத்துக்குள் எலிமென்ட் வைக்கும் பழைய வகை ஃபில்டராக இருந்தால், மேலே உள்ள பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டே இருக்கும், பார்வைக்கு இரும்பு மாதிரியே தெரியும். அதை ஊசியால் கிளறி எடுக்காமல் மேலேயே புது வளையத்தை வைத்தால் ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சி அடிக்கும். டிரெய்ன் பிளக்கின் செம்பு வாஷரையும் மாற்றுங்கள். ஊற்றி முடித்து, ஸ்டார்ட் செய்து அணைத்து, சமதளத்தில் ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் அந்த மிச்சம் முழுக்கப் பின்முனை வழியாகத் தரைக்குத்தான் வரும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் டப்பாவில் அடைத்து, முறையாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பு அதில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும்படி சிலாம்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலிலேயே செம்பு நிறத்தில் மினுமினுவென்று தெரிந்தால் அது பேரிங்கின் உட்பூச்சு. அன்றைக்குப் புது ஆயில் ஊற்றாமல் சம்ப்பை இறக்கிவிடுங்கள்.