குடி மாறும் நாளும் கரண்ட் கணக்கும்

காரைக்குடி செக்காலையில் எங்களுக்கு மூன்று வாடகை வீடுகள் இருக்கின்றன. ஒன்று ஐயா கட்டிய பழைய வீட்டின் இரண்டாம் கட்டு. மற்ற இரண்டும் பின்னால் தோட்டத்தில் எழுப்பிய சின்ன வீடுகள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்கு வருகிறவர்கள், பேங்க் மாற்றலில் வருகிறவர்கள் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆனியில் ஒருவர் காலி செய்தால் ஆடி முழுக்க வீடு சும்மாதான் கிடக்கும். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? மார்கழிக்கும் இதே கதை.

அப்படி ஓர் ஆடி முடிந்து ஈ.பி. ரீடிங் வந்தபோது, ஆளே இல்லாத வீட்டில் 43 யூனிட் ஓடியிருந்தது. கட்டணம் ஒன்றும் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. விசாரித்தால், ஆவணி பிறந்ததும் பக்கத்து வீட்டில் நடந்த கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள், நம் திண்ணை பிளக்கில் ஒயரைச் செருகி நாலு நாள் சீரியல் செட்டும் பெரிய லைட்டுகளும் எரித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டாரிடம் போய் 43 யூனிட்டுக்குச் சண்டை போட முடியுமா? சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் அன்றிலிருந்து காலி வீட்டின் கரண்டை நான் இன்னொரு குடித்தனக்காரரைப் போலத்தான் கவனிக்கிறேன்.

முதல் வேலை, சாவி கைமாறும்போதே ரீடிங் எடுப்பது. இப்போதுள்ள மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்: தேதி, நேரம், அப்புறம் வேறு ஏதேதோ. kWh (கே.டபிள்யூ.எச்., அதாவது யூனிட்) என்று பக்கத்தில் வரும் எண்தான் நமக்கு வேண்டியது. அவசரத்தில் வேறு எண்ணைப் படம் பிடித்துவிட்டு நான் ஒருமுறை தலையைப் பிய்த்துக்கொண்டேன். காலி செய்கிறவரையும் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுங்கள், நோட்டில் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. போட்டோவைவிட நோட்டுதான் எனக்கு நம்பிக்கை.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குடித்தனக்காரர் போவது நடுவில். இலவச 100 யூனிட்டும், யூனிட் கூடக் கூட ஏறும் அடுக்கு விலையும் இணைப்புக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. பழையவர் "நான் 180 யூனிட்தான் ஓட்டினேன், 100 போக 80-க்குத்தான் தருவேன்" என்பார். புதியவரும் அதே 100-ஐக் கேட்பார். ஒரே நூறை இரண்டு பேருக்கு எப்படிக் கொடுப்பது?

நான் செய்வது இதுதான். பில் வரும்வரை பழையவரின் அட்வான்ஸில் ஆயிரம் ரூபாயை மட்டும் நிறுத்திவைப்பேன். பில் வந்ததும் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அவரவர் ஓட்டியதற்கு அவரவர் பங்கு. உதாரணத்துக்கு, பழையவர் 180, வெள்ளையடிக்கவும் தொட்டி கழுவவும் நான் ஓட்டியது 15, புதியவர் 245. மொத்தம் 440. பில் 1,450 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு. பழையவருக்கு 594, எனக்கு 50, மீதி புதியவருக்கு. பில்லைப் படம் எடுத்து அனுப்பி, மிச்சத்தை ஜிபே-யில் போட்டுவிடுவேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கு போடும் அடுக்கே மாறிவிடும். 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலை போய்விடும், பில் திடீரென்று எகிறும். புதியவர் வந்ததும் ஏசி போட்டு அப்படி ஆனால், போனவர் அதற்கு ஏன் அழ வேண்டும்? 500 வரைக்கும் என்ன வந்திருக்குமோ அதை மட்டும் எல்லோருக்கும் பங்கிட்டு, மேலே ஏறியதை ஏசிக்காரர் கணக்கில் வைப்பேன்.

சில வீட்டுக்காரர்கள் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று மொட்டையாக வாங்குகிறார்கள். அரசு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டையும் சேர்த்து விற்பது அது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

வாடகை பாக்கி என்பதற்காக பியூஸைப் பிடுங்குவதும் கூடாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தத் தடை போட்டிருக்கிறது. ஆள் காலி செய்து சாவி கொடுத்த பிறகுதான் மெயின் நம் கையில்.

வீடு காலியானதும் மெயினை இறக்கிவிட்டுப் பூட்டலாமா? அதற்கு முன் பத்து நிமிஷம் செலவழியுங்கள். லைட், ஃபேன் ஸ்விட்சையெல்லாம் அணைத்து, மெயினை மட்டும் போட்டுவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 சிமிட்டு என்று அச்சடித்திருக்கிறது. நிமிஷத்துக்கு ஒருமுறை சிமிட்டினால் எங்கோ 19 வாட் போகிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அது 27 யூனிட். பெரும்பாலும் மாட்டியே விட்டுப்போன செட்டாப் பாக்ஸாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் சிமிட்டினால் ஒயரில் கசிவு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். மெயினை இறக்கிய பிறகும் சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கை வைத்திருக்கலாம். அங்கே நாமும் கை வைக்கக் கூடாது, நம் எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொன்று. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். எங்கள் வீட்டில் ஃபேன் மாட்ட வந்த தம்பி, "மெயின்தான் ஆஃப்ல இருக்கே ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே கையை வைத்தான். நல்லவேளை, ரப்பர் செருப்பு போட்டிருந்தான், ஏணியிலிருந்து குதித்ததோடு போயிற்று. இப்போது அந்த மெயினுக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதிவிட்டேன்: "இன்வெர்ட்டரையும் அணை". பேட்டரியை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டாலும் கெட்டுவிடும். மாதம் ஒருநாள் மெயினைப் போட்டு முழுக்க சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்துவிட்டு அணைப்பேன். அந்த நாளிலேயே கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திவிடுவேன். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது, மாற்றுங்கள்.

எர்த் குழியை யாரும் நினைப்பதே இல்லை. நம் ஊர்ச் செம்மண் கோடையில் கல்லாகிவிடும். குழி காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. ஆள் இருக்கும்போது பாத்திரம் கழுவும் தண்ணீராவது அந்தப் பக்கம் ஓடும், காலி வீட்டில் அதுவும் இல்லை. போகும்போதெல்லாம் இரண்டு குடம் ஊற்றிவிட்டு வாருங்கள்.

பழைய வீடு என்றால் மரப்பலகை ஸ்விட்ச் போர்டைத் தட்டிப் பாருங்கள். தூணும் நிலையும் பர்மா தேக்கு, போர்டு மட்டும் ஏதோ ஒரு பலகை. கரையானுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டாம் கட்டில் ஒரு போர்டைத் திறந்தபோது உள்ளே பாதி மண்தான் இருந்தது. அதற்குப் பிறகு பீங்கான் பியூஸ் கேரியர்களையும் எடுத்துவிட்டு லோடு கூடினால் தானாக விழும் எம்.சி.பி.க்கு மாறிவிட்டோம். ஆள் இல்லாத நேரம்தான் இந்த வேலைக்கெல்லாம் வசதி.

ரீடிங் எடுக்க வருகிறவர் கதவு பூட்டியிருந்தால் பழைய கணக்கை வைத்து ஒரு தொகை போட்டுவிட்டுப் போவார். பின்னால் சரிக்கட்டிவிடுவார்கள், ஆனாலும் குடி மாறும் நேரத்தில் அது நம் பங்கீட்டையே குழப்பிவிடும். முகப்புக்குள் இருந்த மீட்டரை, செக்‌ஷன் ஆபீஸில் விண்ணப்பித்துத் திண்ணைச் சுவருக்கு மாற்றி வாங்கினேன். அது முடியாதவர்கள் ரீடிங் தேதியைக் குறித்துவைத்து அன்றைக்குச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கலாம். பில் மெசேஜ் யார் போனுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். ஒருமுறை மூன்று வருஷத்துக்கு முன் போன பெண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது தெரியாமல் இருந்ததில் 20 நாள் தவணை தாண்டி, புதிதாக வந்தவர் வீட்டில் லைனை வெட்டிவிட்டார்கள். இப்போது மூன்று இணைப்புக்கும் என் நம்பர்தான்.

அப்புறம், புதியவர் வருவது. ஏசி வைப்பாரா என்று அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வைப்பதாக இருந்தால் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்ப் சாக்கெட். ஹால் பிளக்கில் செருக விடாதீர்கள். எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று எம்.சி.பி. பெட்டிக்குள் எழுதி ஒட்டுங்கள். கூடவே இணைப்பு எண்ணையும், கரண்ட் போனால் கூப்பிட, ஈ.பி. புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணையும்.

இதையெல்லாம் குடி வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். அந்த ரீடிங்கையே புதியவரின் தொடக்கக் கணக்காக இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளலாம். காலை ஐந்து மணி முகூர்த்தத்தில் அடுப்பில் பால் பொங்கும்போது, டார்ச்சும் நோட்டுமாக மீட்டருக்கு முன்னால் போய் நிற்பது யாருக்கும் நன்றாக இருக்காது.